உடம்பில்லாத உடைகள்

பாரிஸில் சார்லஸ் ஃபிரெடெரிக் வொர்த் 1887 வாக்கில் வடிவமைத்த பட்டு நடன உடை ஒன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இனி அதைப் பொம்மைக்குக்கூட உடுத்த முடியாது, அவ்வளவு நைந்துவிட்டது. 2024இல் நடந்த ‘ஸ்லீப்பிங் பியூட்டீஸ்’ கண்காட்சியில் அதைக் கண்ணாடிக்குள் படுக்கவைத்துவிட்டு, அதை உடுத்தி ஒருத்தி ஆடுவதுபோல் ஒளியுருவம் ஒன்றைக் காட்டினார்கள்.

உடம்பிலிருந்து பிரித்தால்தான் உடை பிழைக்கும். உடை அருங்காட்சியகங்களின் தீராத சங்கடம் இது. வியர்வை, எடை, வெளிச்சம் எல்லாமே பகை. வெளிச்சத்தை 50 லக்ஸுக்குள் அடக்குகிறார்கள். அப்போதும் சில மாதங்களில் உடையை எடுத்து இருட்டறைக்கு அனுப்பியாக வேண்டும், ஏனென்றால் ஒளி செய்த கேடு திரும்புவதில்லை. அந்துப்பூச்சிக்குக் கடுங்குளிர்ப் பெட்டிதான் வைத்தியம். ஆனால் பகை நெசவுக்குள்ளேயே இருந்தால்? கச்சாப் பட்டின் பசையைப் போக்கினால் எடை குறையும். அந்த இழப்பை ஈடுகட்ட 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெள்ளீய உப்பை ஏற்றினார்கள். அப்படி எடை கூட்டிய பட்டு, பெட்டியில் பத்திரமாக இருந்தாலும் தானாகவே விரிசல் விட்டு உதிர்கிறது. வியாபாரி அன்று செய்த தந்திரத்துக்கு இன்று பாதுகாவலர் விலை கொடுக்கிறார்.

பெரிய அருங்காட்சியகங்கள் உடையை மதித்ததும் தாமதமாகத்தான். ஓவியர் டால்பட் ஹியூஸ் சேர்த்த பழைய உடைகளை 1913இல் லண்டனின் ஹாரட்ஸ் கடை விலைக்கு வாங்கி, முதலில் கடையிலேயே காட்சிக்கு வைத்து, பிறகு விக்டோரியா அண்டு ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தது. கொடையும் விளம்பரமும் அன்றே கைகோத்துக்கொண்டன. 1971இல் அங்கே கண்காட்சி அமைத்த புகைப்படக்காரர் செசில் பீட்டன், தனக்குத் தெரிந்த சீமாட்டிகளின் அலமாரிகளிலிருந்து உடைகளைக் கேட்டுவாங்கினார். விளைவு, சேகரிப்பில் செல்வர்களின் உடையே மிகுதி. உழைப்பவரின் சட்டை கந்தலாகும்வரை உழைத்து, காகித ஆலைக்குப் போய்ச் சேர்ந்தது.

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உடைப் பிரிவுக்குப் பணம் திரட்டுவது மெட் காலா விருந்து. 1962இல் மர்லின் மன்றோ அணிந்த உடையை 2022இல் கிம் கர்தாஷியன் அந்த விருந்துக்குச் சில நிமிடம் அணிந்துவந்தார். உடை தனியார் நிறுவனத்துக்குச் சொந்தம். வரலாற்று உடைகளை யாருமே அணியக்கூடாது என்று சர்வதேச அருங்காட்சியக அமைப்பின் உடைக்குழு கண்டித்தது. கண்டனம் நியாயம்தான். ஆனால் உடையை உடம்பில் பார்க்கும் ஆசையை வளர்த்ததில் அருங்காட்சியகங்களுக்குப் பங்கில்லை என்று சொல்லிவிட முடியாது.

இணையத் தொகுப்புகள் நூலிழைவரை பெரிதாக்கிக் காட்டுகின்றன. கனமும் மடிப்பும் அதில் தெரிவதில்லை. எனக்கு நம்பிக்கை தருவது வேறொன்று. விக்டோரியா அண்டு ஆல்பர்ட் அருங்காட்சியகம் 2025இல் கிழக்கு லண்டனில் திறந்த வி அண்டு ஏ ஈஸ்ட் ஸ்டோர்ஹவுஸ் ஒரு கிடங்கு. முன்பதிவு செய்தால் யாராக இருந்தாலும் ஐந்து பொருள்வரை எடுத்துவைக்கச் சொல்லி அருகிலிருந்து பார்க்கலாம். ஆய்வாளர் என்ற அடையாளம் தேவையில்லை.

நம் பக்கத்துக்கு இதில் நேரடித் தொடர்பு உண்டு. சோழமண்டலக் கரையில் சாயவேர்ச் சிவப்பேற்றிக் கையால் வரைந்த சீட்டித் துணி, 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய ஆண்களின் வீட்டு நீளங்கியாகவும் பெண்களின் பாவாடையாகவும் ஆனது. ஏற்றுமதிக்கென்றே வரைந்தவை, அதனால் எஞ்சியவற்றில் சிறந்த பல துண்டுகள் லண்டனிலும் டொரன்டோவிலும் உள்ளன. அவற்றின் சாயத்தையும் தையலையும் ஆராய விரும்பும் தமிழ்நாட்டு மாணவர் முதலில் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.