குழலும் மருந்தும்: துப்பாக்கியை ரசிப்பது குறித்துச் சில கேள்விகள்

1

ராஜபாளையத்துக்கு மேற்கே, மலை தெரிகிற ஒரு வீடு. பெரிய வீடு. கூடத்துச் சுவரில் இரண்டு ஆணிகளில் ஒரு நீளத் துப்பாக்கி. வாய்வழியாக மருந்து கெட்டிச் சுடுகிற பழைய ரகம். வீட்டுக்காரர் அதை இறக்கி, துண்டால் துடைத்து, கைக்குழந்தையைக் கொடுக்கிற மாதிரி என்னிடம் கொடுத்தார்.

"கட்டையப் பாருங்க தம்பி. குழலும் கட்டையும் சேர்ற எடத்துல நகம் நுழையுதா பாருங்க. எல்லாம் கைவேலை. இப்ப எவன் செய்வான்?"

நகம் நுழையவில்லைதான். சும்மா சொல்லக்கூடாது, அழகாகவே இருந்தது. செஞ்சது யாருங்க என்று கேட்டேன். "அது யாருக்குத் தெரியும். தாத்தா காலத்துச் சாமான். ஏதோ ஒரு ஆசாரி செஞ்சிருப்பான்" என்றார். லைசென்ஸ் யார் பேரில் இருந்தது, பிறகு யார் பேருக்கு மாறியது என்பதையெல்லாம் வரிசையாகச் சொன்னார். உடைமையின் வரலாறு அவருக்குத் தலைகீழ்ப் பாடம். உழைப்பின் வரலாறு "ஏதோ ஒரு ஆசாரி"யோடு முடிந்துபோகிறது.

என்னோடு வந்திருந்த நண்பர் சிவகாசிப் பக்கம் ஒரு வெடியாபீசில் இருபது வருசம் மருந்து வேலை பார்த்தவர். அவர் கட்டையைப் பார்க்கவில்லை. குழலின் வாயைப் பார்த்தார். பின்பக்கம் தீ இறங்குகிற துளையைப் பார்த்தார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்:

"இது ஒரு தடவைக்கு எம்புட்டு மருந்து திங்கும்?"

வீட்டுக்காரருக்குப் பதில் தெரியவில்லை. துப்பாக்கியைக் கொஞ்சம் அவசரமாகவே வாங்கி ஆணியில் மாட்டிவிட்டார். ரசனை என்று நாம் சொல்கிற சமாச்சாரம் எதைப் பார்க்கிறது, எதைப் பார்க்க மறுக்கிறது என்பது அந்தக் கேள்வியில் இருக்கிறது.

2

ஆசாரியின் பெயர் தெரிந்தால் பிரச்சினை தீர்ந்துவிடுமா? தீராது. பெயர் தெரிந்த ஒரு துப்பாக்கியைப் பார்ப்போம். திப்பு சுல்தானுக்காக 1793–94 வாக்கில் செய்யப்பட்ட வேட்டைத் துப்பாக்கி ஒன்று. செய்தவர் அசத் கான் முகம்மது. பெயர் துப்பாக்கியிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. அது கார்ன்வாலிஸ் பிரபுவுக்குத் தரப்பட்டது என்று கருதப்படுகிறது. 1792இல் திப்புவின் இரண்டு பிள்ளைகளைப் பணயமாகக் கொண்டுபோன அதே கார்ன்வாலிஸ்தான். 2023இல் பிரிட்டிஷ் அரசாங்கம் இந்தத் துப்பாக்கி தன் நாட்டைவிட்டு வெளியே போய்விடக்கூடாது என்று ஏற்றுமதிக்குத் தற்காலிகத் தடை போட்டது. மதிப்பு 20 லட்சம் பவுண்டு.

இந்த 20 லட்சம் எதன் விலை? இரும்புப் பட்டையைக் கம்பியின்மேல் சுற்றி, காய்ச்சி, அடித்து, ஒட்டவைத்துக் குழலாக்கிய கையின் விலையா? அப்படியானால் இதே வேலையைக் கையெழுத்துப் போடாமல் செய்த எத்தனையோ கொல்லர்களின் குழல்களுக்கும் ஏதாவது ஒரு விலை இருந்திருக்க வேண்டுமே. இல்லை. அரசனின் விலை அது. தோற்ற அரசன் என்பதால் கூடுதல் விலை. 1799 மே 4ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து, திப்பு செத்து, ஊர் சூறையாடப்பட்டிருக்காவிட்டால் திப்புவின் சாமான்களுக்கு லண்டன் ஏலக்கடைகளில் இந்த மவுசு வந்திருக்காது. கைவினைஞனின் கையெழுத்து இங்கே கொள்ளையின் ரசீதாக வேலை செய்கிறது.

நேர்மாறான உதாரணம் தஞ்சாவூர். 1855இல் கடைசி மராத்திய அரசர் சிவாஜி ஆண் வாரிசில்லாமல் இறந்துபோக, கம்பெனி அரண்மனையைக் கையில் எடுத்தது. ஆயுதசாலையிலிருந்து நல்லதாகத் தேர்ந்தெடுத்தவை சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. மிச்சம்? உடைத்துப் பழைய இரும்பாக விற்கப்பட்டது. நாம் இன்று எழும்பூரில் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்து அதிசயிப்பது, அப்படி உடைபடாமல் தப்பிய பகுதியை. எதை ரசிக்க வேண்டும் என்பதை நமக்கு முன்னாலேயே ஒரு அதிகாரி கழித்துக்கட்டி முடிவுசெய்துவிட்டான்.

3

ரசிப்பவனுக்கும் வைத்திருப்பவனுக்கும் நடுவில் சட்டம் நிற்கிறது. இதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

1801 அக்டோபர் 24ஆம் தேதி மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்படுகிறார்கள். டிசம்பர் 1ஆம் தேதி சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவின் பிரகடனம் வருகிறது: தெற்கத்திப் பாளையங்களில் யாரும் ஆயுதம் வைத்திருக்கக்கூடாது. சேத்தூர், கொல்லங்கொண்டான் என்று இன்றைய விருதுநகர் மாவட்டத்துப் பழைய பாளையங்களும் இந்த நிலப்பகுதியில்தான் வருகின்றன. 1878இல் லிட்டன் காலத்து ஆயுதச் சட்டம் இந்த நிராயுதபாணி நிலையை நாடு முழுக்கப் பரப்பியது. சுதந்திரம் வந்தது. 1959இல் புதிய ஆயுதச் சட்டம் வந்தது. லைசென்ஸ் என்கிற அடிப்படைத் தர்க்கம் அப்படியே இருந்தது.

1959 சட்டத்தின் 45ஆம் பிரிவு ஒரு விலக்குத் தருகிறது. காலாவதியான மாதிரி, அல்லது தொல்பொருள் மதிப்புடையது, அல்லது பழுதுபார்த்தாலும் சுட முடியாதது என்றால் சட்டம் பாயாது. மறுபக்கம், லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி செய்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 ஆண்டு, ஆயுள் வரையிலும் போகலாம். ஆக, பழைய நாட்டுத் துப்பாக்கி சுவரில் தொங்கினால் அது கலை; மலையடிவாரத்துக் குடிசைக் கூரையில் செருகியிருந்தால் அது கள்ளத்துப்பாக்கி. "நாட்டு" என்கிற முன்னொட்டு நாட்டுக்கோழிக்கு மரியாதை, நாட்டுத் துப்பாக்கிக்கு எப்.ஐ.ஆர்.

சட்டம் எல்லாருக்கும் ஒன்று என்று யாராவது சொன்னால் குடகைக் காட்டுங்கள். குடகர்களுக்கும் அங்குள்ள ஜம்மா நிலக்காரர்களுக்கும் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து ஆயுத லைசென்ஸ் விலக்கு இருக்கிறது. 2019இல் அதை மேலும் 10 ஆண்டுகளுக்கு நீட்டித்தார்கள். 2021இல் கர்நாடக உயர்நீதிமன்றமும் செல்லும் என்றது. கைல்போது அன்று அவர்கள் துப்பாக்கிக்குப் பூ வைத்துக் கும்பிடுகிறார்கள். அது பண்பாடு.

நரிக்குறவர்களிடமும் துப்பாக்கி இருந்தது. சுடுகிறவனே பழுதுபார்த்து, சுடுகிறவனே மருந்து கெட்டிச் சுமந்த துப்பாக்கி. கம்பி சுற்றி ஒட்டுப்போட்டு, நாலு தலைமுறை ஓடிய துப்பாக்கி. உடைமையும் கைவேலையும் பயன்பாடும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்த அபூர்வமான இடம் அது. அதை யாரும் "மாஸ்டர் கைவண்ணம்" என்று எழுதவில்லை. சினிமாவில் காமெடிக்கு வைத்தோம். 1972 வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அவர்களுடைய வேட்டையை நிறுத்தியது. காட்டுயிரைக் காப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வேட்டையை எடுத்துக்கொண்ட அரசு அவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்க 2023 ஆகிவிட்டது. குடகனின் துப்பாக்கிக்குப் பரம்பரை இருக்கிறது. குறவனின் துப்பாக்கிக்கு ஸ்டேஷனில் கணக்கு இருக்கிறது.

4

இப்போது நண்பரின் கேள்விக்கு வருவோம். மருந்து.

வெடிக்கிற பொருளுக்கு நாம் "மருந்து" என்று பெயர் வைத்திருக்கிறோம். நாம் மட்டுமல்ல. சீனத்தில் அதன் பெயருக்கு "நெருப்பு மருந்து" என்று பொருள். சாகாமலிருக்க மருந்து தேடிய சித்தர் மாதிரியான ஆட்கள் அங்கே கண்டுபிடித்த கலவை அது. 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். துப்பாக்கிக்குள் போன அதே கருமருந்துதான் இன்றைக்கும் சிவகாசியின் கருந்திரிக்குள் இருக்கிறது. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த கதையை நாம் மனப்பாடமாகச் சொல்வோம். "குட்டி ஜப்பான்" என்று பெருமைப்படுவோம். மருந்து கலக்கிற கையின் கதையை யார் சொல்கிறார்கள்?

இங்கேதான் நம் பக்கத்துக் கதையாடல் ஒன்றையும் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. கட்டபொம்மனின் தளபதி சுந்தரலிங்கம், 1799 போரில் வடிவோடு சேர்ந்து வெள்ளையரின் வெடிமருந்துக் கிடங்குக்குள் பாய்ந்து தன்னையே எரித்துக்கொண்டார் என்பது வழக்காறு. 1780இல் வேலுநாச்சியாருக்காகக் குயிலி உடம்பில் நெருப்பு வைத்துக்கொண்டு ஆயுதக் கிடங்கில் குதித்தார் என்பது இன்னொரு வழக்காறு. இரண்டு பேரையும் தலித்துகள் தம் முன்னோர்களாக நினைவுகூர்கிறார்கள். அந்த நினைவுக்காக ரத்தம் சிந்தியிருக்கிறார்கள். 1997இல் விருதுநகர்ப் போக்குவரத்துக் கழகத்துக்குச் சுந்தரலிங்கத்தின் பெயர் வைத்தபோது அந்தப் பேருந்தில் ஏறமாட்டோம் என்று ஆதிக்க சாதிக்காரர்கள் கிளம்பினார்கள். கலவரம் நடந்தது. கடைசியில் அரசு எல்லாத் தலைவர்களின் பெயரையும் எல்லாக் கழகங்களிலிருந்தும் எடுத்துவிட்டது. ஒரு தலித் பெயரை மறைக்க அத்தனை பெயரையும் அழிக்க வேண்டியிருந்தது.

அந்தப் பெயருக்கான போராட்டம் நியாயமானது. அதில் சந்தேகமில்லை. நான் கேட்பது வேறு. இந்தக் கதைகளில் குழல் யார் கையில், மருந்து யார் உடம்பில்? ராஜா வாளோடு சிலையாகிறான், துப்பாக்கியோடு ஓவியமாகிறான். ஒடுக்கப்பட்டவன் வரலாற்றுக்குள் நுழைய ஒரே வழி வெடிப்பதுதானா? நாமும் மேடை போட்டு "தியாகம்" என்று அதையே அழகாக்கும்போது, சுவரில் துப்பாக்கி மாட்டியவரின் ரசனைக்கும் நம் ரசனைக்கும் எவ்வளவு தூரம்? அவர் கையை மறந்து குழலை ரசிக்கிறார். நாம் உடம்பு எரிந்ததை மறந்து வெளிச்சத்தை ரசிக்கிறோம்.

இது பழைய கதை இல்லை. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. ஏறத்தாழ 40 பேர். அதில் பலர் அங்கே வேலை பார்த்தவர்கள்கூட இல்லை. வெடிச் சத்தம் கேட்டுக் காப்பாற்ற ஓடிவந்த பக்கத்து ஊர்க்காரர்கள். 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம். 20 பேருக்கு மேல். இவர்களைத் தியாகிகள் என்று யாரும் சொல்லவில்லை. நிவாரணத் தொகை அறிவித்தார்கள். கிடங்கில் குதித்தால் காவியம், கிடங்கில் கூலிக்கு நின்றால் விபத்து.

கைவேலை என்று உருகுகிறவர்களுக்கு இன்னொன்று. சரவெடி பின்னுகிற பெண்ணின் விரலைப் பார்த்திருக்கிறீர்களா? திரி நசுங்காமல், மருந்து சிந்தாமல், கண்ணால் பார்க்காமலேயே பின்னிக்கொண்டு போகும். 2018 அக்டோபர் 23 அன்று உச்சநீதிமன்றம் சரவெடிக்குத் தடை விதித்தது. புகை, இரைச்சல், குப்பை என்ற காரணங்களை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தேதியில் ஒரு கைத்திறனும் சட்டவிரோதமானது. அதற்காக யாரும் இரங்கல் எழுதவில்லை. அட்டையில் சாமி படம் இருந்தது, கம்பெனி பெயர் இருந்தது. அவள் பெயர் எப்போதும் இருந்ததில்லை.

5

அப்படியானால் துப்பாக்கியை ரசிக்கவே கூடாதா? நான் அப்படிச் சொல்லவில்லை. நகம் நுழையாத அந்த இணைப்பை என் விரல் இன்னமும் ஞாபகம் வைத்திருக்கிறது. செய்நேர்த்தியை ரசிக்கத் தெரியாத இடதுசாரித்தனம் வறட்டுத்தனம். ஆனால் ரசனை கைவரை போக வேண்டும். கையோடு நிற்காமல் கை சுமந்த ஆபத்துவரை போக வேண்டும். பொருளின் வம்சாவளியை எழுதுகிறவர்கள் வாங்கியவன் பட்டியலோடு நிறுத்தாமல், இரும்பு எங்கிருந்து வந்தது, மருந்து இடித்தது யார் என்றும் எழுதட்டும். அருங்காட்சியக அட்டையில் தெரியாத பெயருக்கு இடம் விட்டு, செய்தவர் பெயர் பதிவு செய்யப்படவில்லை என்றாவது ஒரு வரி போடட்டும். நாமும் சுந்தரலிங்கம் எப்படிச் செத்தார் என்று பாடுவதோடு, அவர் எப்படிப் படை நடத்தினார் என்று கேட்கத் தொடங்கலாம்.

திரும்பி வருகிற பஸ்ஸில் நண்பரிடம் கேட்டேன், துப்பாக்கி எப்படி இருந்தது என்று.

"நல்ல குழலுதான். உள்ள சுத்தமா இருக்கு. ரொம்ப நாளா மருந்து போகலபோல" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தத் தொளைய ஒட்டி கருகிப்போயிருக்குல்ல, கவனிச்சீங்களா? சுடுறவன் மூஞ்சி அதுக்கு எம்புட்டுப் பக்கத்துல இருந்திருக்கும்" என்றார்.

நான் கவனித்திருக்கவில்லை. கட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.