பட்டாளமும் பிரேத விசாரணையும்

ஊரில் அமைதி குலைந்தால் உடனே பட்டாளத்தை அழையுங்கள் என்று கூவுவோர் நம்மவருள்ளும் பலர். கோலசிலாங்கூர், உலு சிலாங்கூர் தோட்டங்களில் பிழைக்கும் நாம், அவ்வாறு கூவுமுன் இந்தச் சிலாங்கூரிலேயே நடந்த இரண்டு காரியங்களை எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டவர்களாவோம்.

1941-இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தனர். அவர்கள் கேட்டவை யாவை? சீனத் தொழிலாளருக்குரிய கூலியே தமக்கும் வேண்டும், பிள்ளைகளுக்கு நல்ல படிப்பு வேண்டும், கள்ளுக்கடையை மூடவேண்டும், துரையையும் கிராணியையும் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும். (கிராணி உத்தியோகம் பார்க்கும் நமக்கு இக்கடைசிக் கோரிக்கை சற்றே சுருக்கென்று தைக்கிறது, தைக்கட்டும்.) இவற்றுள் எது ராஜத்துரோகம்? தலைவர் ஆர். எச். நாதன் மே மாதத்தில் கைதாகிப் பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். கிளர்ச்சி பரவவே, ஹைகமிஷனர் சர் ஷென்டன் தாமஸ் அவசரநிலையைப் பிரகடனஞ் செய்தார், இந்தியத் துருப்புகள் வந்தன, ஐவர் மாண்டனர். அந்நியனை எதிர்க்கக் கப்பலேற்றிக் கொணர்ந்த படை அது! ஜப்பானியன் டிசம்பரில் கோத்தபாருவில் வந்திறங்குமுன்பே, அது தன் நாட்டுக் கூலிக்காரன்மேல் ஏவப்பட்டது.

அதனினும் கொடியது 1948 டிசம்பரில் பத்தாங் காலியில் நடந்தது. ஸ்காட்ஸ் கார்ட்ஸ் என்னும் பிரிட்டிஷ் பட்டாளத்தார், ரப்பர்த் தோட்டமொன்றில் நிராயுதபாணிகளான சீனர் 24 பேரைச் சுட்டுக் கொன்று, குடியிருப்பையும் கொளுத்தினர். "தப்பியோட முயன்றார்கள், சுட்டோம்" என்பதே சர்க்கார் கூறிய சமாதானம். அடுத்த மாதமே, கைதுக்குத் தப்புவோரைக் கொல்லும் ஆயுதத்தால் தடுக்கலாமென்று புதியதொரு விதியைச் செய்து, பழைய செயலுக்கும் அதைப் போர்வையாக்கினர். பிணம் முன்னே, சட்டம் பின்னே! பட்டாளத்திலிருந்த சிலர் உண்மையைக் கக்கியது 1970-இல். லண்டன் உச்ச நீதிமன்றம் 2015-இல் கூட, காலம் கடந்ததென்று விசாரணைக்கு உத்தரவிட மறுத்தது.

சிப்பாயை நாம் வையவில்லை. எதிரியை வீழ்த்தவே அவன் பழக்கப்பட்டவன். போலீஸ்காரனுடைய கடமையோ, பிடித்தவனை உயிரோடு மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்துவது. முன்னவன் கையில் பின்னவன் வேலையைக் கொடுத்தவர்களே குற்றவாளிகள்.

"போலீசார் மாத்திரம் யோக்கியரோ? லாக்கப்பில் இறந்த நம் பிள்ளைகள் எத்தனை பேர்?" என்று தோழர்கள் கேட்பர். கேள்வி நியாயமானதே. ஆனால் 2009-இல் லாக்கப்பில் இறந்த தமிழ் இளைஞனின் குடும்பத்தார் 2013-இல் ஹைகோர்ட்டில் நஷ்டஈடு பெற்றதெப்படி? உடலைச் சோதித்த வைத்தியர் சாட்சியும், கேட்பதற்கொரு கோர்ட்டும் இருந்தமையாலன்றோ? ஏழைக்கு உள்ள ஆயுதம் அவ்வளவே.

அவ்வாயுதத்தைத்தான் 2016-இல் வந்த தேசியப் பாதுகாப்பு மன்றச் சட்டம் பறித்தது. பிரதமர் ஓரிடத்தைப் பாதுகாப்புப் பிரதேசமென்று அறிவித்து, அங்கே பாதுகாப்புப் படையினரின் நடவடிக்கையால் ஒருவர் மாண்டாரென்று மாஜிஸ்திரேட் திருப்தியுற்றால், பிரேத விசாரணையே வேண்டியதில்லை என்றது, 2016-இல் வந்தபடியான அச்சட்டத்தின் ஒரு பிரிவு. பத்தாங் காலிக்குப் பிறகு அவசரமாய்த் தைத்த போர்வையை, அப்போது முன்கூட்டியே தைத்து வைத்தார்கள். வெள்ளைக்காரன் போய் அறுபதாண்டு ஆகுமுன் இப்படி!

தேர்தற் காலத்தில் லயத்து வாசலில் மாலையோடு வந்து நிற்கும் பார்லிமெண்டு அங்கத்தினரை, அந்தப் பிரிவைப் படித்தீரா, படித்தபின் சபையில் என்ன பேசினீர் என்று தோட்டத்தார் கேட்க வேண்டும்.