செருகலாம், கழற்ற முடியுமா?

யு.எஸ்.பி. விசைப்பலகை ஒன்றைக் கணிப்பொறியில் செருகுகிறீர்கள். அடுத்த நொடியே அது வேலை செய்கிறது. தான் இன்ன கருவி என்பதை அதுவே எண்களால் தெரிவித்துவிடுவதுதான் காரணம். ஆனால் சிறு கட்டுப்பாட்டுப் பொறிகளுக்குள் ஓடும் ஐ2சி போன்ற இரு கம்பித் தடங்களில் இவ்வசதி கிடையாது. அங்கே வெப்ப உணரி ஒன்று இருக்கிறது என்பதை யாரேனும் எழுதி வைத்தாலன்றிக் கெர்னலுக்கு, அதாவது இயக்க நிரலின் கருப்பகுதிக்கு, அது தெரியாது.

அவ்வாறு எழுதி வைக்கும் முறைக்கு டிவைஸ் ட்ரீ, அதாவது சாதன மரம், என்று பெயர். சன், ஆப்பிள் நிறுவனங்களின் கணிப்பொறிகளில் இருந்ததும், 1994-இல் தரமாக வகுக்கப்பட்டதுமான ஓப்பன் ஃபர்ம்வேரின் வழிவந்தது இது. 2011 முதல் ஆர்ம் சில்லுகளுக்கான லினக்ஸும் இதற்கு மாறத் தொடங்கியது. பலகைக்குப் பலகை தனி நிரல் எழுதும் தொல்லை பெரிதும் குறைந்தது. இந்த நன்மையை மறுப்பதற்கில்லை.

துணைப் பலகை வரும்போதுதான் குறை தெரிகிறது. 2011-இல் வந்த பீகிள்போனும், 2014-இல் 40 முட்களோடு வந்த ராஸ்பெர்ரி பை பி பிளஸும், துணைப் பலகையில் ஒரு சிறு நினைவகச் சில்லை வைத்து அதன் அடையாளத்தைச் சொல்லச் செய்தன. அடையாளம் தெரிந்ததும், மாமரத்தில் ஒட்டுக் கட்டுவதுபோல், ஓவர்லே என்னும் ஒட்டு சாதன மரத்தில் சேர்க்கப்படும்.

ஒரே வெப்ப உணரியை இரண்டிலும் இணைத்துப் பார்ப்போம். பீகிள்போனில் பி9 வரிசையின் 19, 20-ஆம் முட்கள். உள்ளே அந்தத் தடத்தின் பெயர் ஐ2சி2. ராஸ்பெர்ரி பையில் 3, 5-ஆம் முட்கள், தடம் ஐ2சி1. உணரி அதுவே, அதன் முகவரியும் அதுவே. ஓவர்லே மட்டும் இரண்டு! வீட்டுக்கு வரும் விருந்தாளி, சமையலறை எந்தப் பக்கம் என்பதையும் தானே எழுதிக்கொண்டு வரவேண்டும் என்பது போலிருக்கிறது இது.

ராஸ்பெர்ரி பையிலேயே, 2012-இன் முதல் பலகைகளில் அம்முட்கள் ஐ2சி0-வைச் சேர்ந்தவை. அடுத்த திருத்தத்தில் ஐ2சி1 ஆயின. அதனை அமைத்தவர்கள் ஐ2சி_ஆர்ம் என்ற பொதுப்பெயர் வைத்துச் சமாளித்தார்கள். சரியான கொள்கை இந்தப் பொதுப்பெயரில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. துணைப் பலகை பேச வேண்டியது சாக்கெட்டோடு. தாய்ப்பலகையின் சில்லோடு அன்று. எந்த முள் எந்தத் தடம் என்பதைத் தாய்ப்பலகையின் மரமே சொல்லட்டும். குறுக்கீட்டுத் தடங்களுக்கு இண்டரப்ட்-மேப் என்ற இத்தகைய மாற்று அட்டவணை ஓப்பன் ஃபர்ம்வேர் காலத்திலேயே உண்டு. அதை மற்றத் தடங்களுக்கும் முதலிலேயே விரித்திருக்க வேண்டும்.

கழற்றுவது இன்னும் கடினம். ராஸ்பெர்ரி பை அந்த வம்புக்கே போகவில்லை. பொறி தொடங்கும்போது துணைப் பலகையை ஒருமுறை படித்து, மரத்தை முடித்துக் கெர்னலிடம் தந்துவிடுகிறது. லினக்ஸோ, 2015-இல் வெளிவந்த 3.19 பதிப்பிலேயே, ஓடும்போதே ஓவர்லேயைச் சேர்க்கவும் நீக்கவும் வழி செய்தது. ஆனால் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்தவற்றுள் மேலே உள்ளதைத்தான் முதலில் எடுக்கலாம். அதுமட்டுமா? ஏற்கனவே உள்ள கணு ஒன்றில் ஓவர்லே புதுப் பண்பை எழுதினால், அதை நீக்கும்போது நினைவகம் வீணாகும் என்று கெர்னலே எச்சரிக்கிறது. ஏதேனும் ஒரு டிரைவர் அப்பண்பை இன்னும் பயன்படுத்திக்கொண்டிருக்கலாம் என்று அஞ்சி, அதை அழிக்காமல் வைத்துக்கொள்கிறது.

வீட்டு மேசையில் பயிலும் மாணவருக்கு இது பொருட்டல்ல. அணைத்துவிட்டு மீண்டும் போட்டால் தீர்ந்தது. நாளுக்குப் பலமுறை துணைப் பலகையோடு இணைத்துப் பிரிக்கப்படும் கையடக்க மருத்துவக் கருவியை எண்ணிப் பாருங்கள். நோயாளி அருகில் இருக்கையில் அதை அணைத்துப் போடவா முடியும்? சாக்கெட்டுக்குக் கீழே புதுக் கணுக்களை மட்டுமே ஓவர்லே சேர்க்கலாம், பழையவற்றைத் தொடக்கூடாது என்று விதித்தால், இந்தக் கசிவுக்கு இடமிராது.

உங்களுக்குப் பீகிள்போனின் ஓவர்லே கோப்பு ஒன்று கிடைத்தால் திறந்து பாருங்கள். எத்தனை வரிகள் துணைப் பலகையைப் பற்றியவை, எத்தனை தாய்ப்பலகையைப் பற்றியவை என்று எண்ணுங்கள்.