எந்தத் தெரு?

2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் நடந்தபோது கும்மிடிப்பூண்டியில் எங்கள் அத்தை வீட்டில் நாலு ராத்திரி உட்கார்ந்திருந்தேன். அத்தை மகன் சிப்காட்டில் நைட் ஷிஃப்ட். படிவம் நிரப்ப வீட்டில் வேறு ஆள் இல்லை. படிவம் கேட்டது ஒரே விஷயம்தான்: இருபது வருஷத்துக்கு முந்தைய பட்டியலில் உங்கள் பெயரோ பெற்றோர் பெயரோ எங்கே இருக்கிறது? தொகுதி, பாகம், வரிசை எண்.

அத்தை அப்போது வடசென்னையில், கொண்டித்தோப்புப் பக்கம் இருந்தார். பெயரைப் போட்டுத் தேடினேன், வரவில்லை. எழுத்தை மாற்றிப் போட்டேன், அப்போதும் வரவில்லை. கடைசியில் பிடிஎஃப்களை ஒவ்வொன்றாக இறக்கி, முதல் பக்கத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு பாகத்தின் முதல் பக்கத்திலும் அதில் அடங்கும் தெருக்களின் பெயர் இருக்கும். ஆனால் எந்தத் தொகுதி என்று முதலில் தெரிய வேண்டும். பார்க் டவுன் போன்ற தொகுதிகள் 2008 மறுவரையறையில் காணாமலேயே போய்விட்டன.

"அத்தை, தெருப் பேரு இன்னா?"

"தெருவா? சந்துடா அது. சந்துக்கு ஏது பேரு?"

இந்த ஒரு பதிலுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

குடும்ப வரலாறு தேடுவதற்கு இங்கிலாந்தில் ஒரு கருவி உண்டு. தெரு அகராதி என்று சொல்லிக்கொள்ளலாம். அங்கே 1841 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்த மக்கள்தொகைக் கணக்கின் வீட்டுவாரிப் படிவங்கள் நூறு வருஷம் பூட்டிவைக்கப்பட்டு, பிறகு பொதுமக்களுக்குத் திறக்கப்படுகின்றன. கணினியில் பெயரைத் தட்டித் தேடும் வசதி வருவதற்கு முன், நாற்பதாயிரத்துக்கு மேல் ஆள் இருந்த நகரங்களுக்கு ஆவணக் காப்பகத்தார் தெருவாரியாக அகராதி போட்டு வைத்தார்கள். தெருப் பெயருக்கு எதிரே கட்டு எண், ஏட்டு எண். அந்த ஏட்டைத் திறந்தால் வீடு, வீட்டுக்குள் குடும்பத் தலைவர், மனைவி, பிள்ளைகள், வேலைக்காரப் பெண், வயது, தொழில், பிறந்த ஊர். கணக்கெடுத்தவர் பெயரைத் தப்பாக எழுதியிருக்கலாம், படியெடுத்தவர் இன்னும் தப்பாக வாசித்திருக்கலாம். தெருவைப் பிடித்துக்கொண்டு போனால் ஆளை எட்டிவிடலாம்.

வாசகனாக எனக்கு இந்த வடிவம் ரொம்பப் பிடிக்கும். வம்சாவளி எழுத்து வழக்கமாக ஒற்றைக் கயிறு. அப்பா, அவருடைய அப்பா, அவருக்கு அப்பா என்று மேலே ஏறிக்கொண்டே போய் எங்காவது ஒரு ராஜாவிடம் போய் முட்டும். தெரு அகராதி ஆளைத் தனியாகக் கொடுக்காது. பக்கத்து வீட்டுச் செருப்புத் தைப்பவர், எதிர்வீட்டு விதவை, மாடியில் தங்கியிருந்த ஐரிஷ்காரர் எல்லாரையும் தாண்டித்தான் உங்கள் பாட்டனிடம் போக முடியும். தமிழில் இப்போது நிறைய வரும் 'வேர் தேடல்' கட்டுரைகளில் எனக்குக் குறையாகப் படுவது இந்தப் பக்கத்து வீடுதான்.

சரி, சென்னைக்கு இப்படி ஒன்று உண்டா?

சென்னை மாகாணத்தின் 1871 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு அறிக்கை எழுதியவர் டபிள்யூ. ஆர். கார்னிஷ் என்ற மருத்துவர். அதன்படி நகரத்தில் 3,97,552 பேர். பிறகு 1881இல் 4,05,848, 1891இல் 4,52,518, 1901இல் 5,09,346. எங்கள் கொள்ளுத்தாத்தா கும்மிடிப்பூண்டிப் பக்கத்து ஊரிலிருந்து பட்டணம் போய்க் கொத்தவால்சாவடியில் மூட்டை தூக்கியவர். அவரையும் சேர்த்திருக்க வேண்டிய 1931 கணக்கில் 6,47,230. கார்னிஷின் அறிக்கையைப் புரட்டினால் அலுக்காது. வீடுகளை மெத்தை வீடு, ஓட்டு வீடு, கூரை வீடு என்று பிரித்திருக்கிறார். சாதி, தொழில், மதம், எழுத்தறிவு எல்லாவற்றுக்கும் பட்டியல் உண்டு. ஒரு பெயர்கூடக் கிடையாது. இருக்கவும் முடியாது. எண்ணிக் கூட்டி அட்டவணை போட்டு முடித்ததும் வீட்டுவாரிப் படிவங்களை அழித்துவிடுவதுதான் இங்கே வழக்கம். சுதந்திர இந்தியாவிலும் 1948 மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, தனிநபர் விவரங்களை யாரும் பார்வையிட முடியாது, சாட்சியமாகவும் காட்ட முடியாது என்கிறது. நூறு வருஷம் கழித்துத் திறப்போம் என்ற பேச்சே அதில் இல்லை.

இங்கிலாந்துக்கும் 1931 கிடையாது. 1942 டிசம்பரில் ஹேய்ஸ் என்ற ஊரில் கிடங்கோடு எரிந்துபோனது. அதற்காக அங்கே இன்னமும் வருத்தப்படுகிறார்கள். எரிந்துபோனதற்கு வருத்தப்பட ஒரு தேதி இருக்கிறது. நமக்கு அதுவும் இல்லை.

சென்னைக்குப் பெயரும் முகவரியும் சேர்ந்த அச்சுப் புத்தகம் ஒன்று உண்டு: அசைலம் பிரஸ் ஆல்மனாக். ஆதரவற்ற சிறுவர் விடுதியோடு சேர்ந்த அச்சகத்தில் தொடங்கிப் பல தலைமுறைக்கு வந்த ஆண்டுக் கையேடு. இந்தியாவில் வாழ்ந்த பிரிட்டிஷ் குடும்பங்களின் வம்சாவளியைத் தேடுகிறவர்களுக்கு அது தங்கச் சுரங்கம். அதிகாரிகள், வக்கீல்கள், வியாபார நிறுவனங்கள் இருப்பார்கள், கொஞ்சம் உள்ளூர்ப் பிரமுகர்களும் இருப்பார்கள். கொத்தவால்சாவடியில் மூட்டையின் சொந்தக்காரர் அதில் இருக்க வாய்ப்புண்டு. தூக்கினவர் இருக்க வாய்ப்பே இல்லை.

அப்படியானால் அந்தக் காலத்து ஏழைகளின் பெயரை யாருமே எழுதவில்லையா? எழுதினார்கள். 1860 அக்டோபர் 12இல் சென்னைத் துறைமுகத்திலிருந்து 'ட்ரூரோ' கப்பல் 342 ஒப்பந்தக் கூலிகளோடு நேட்டாலுக்குக் கிளம்பியது. அன்று தொடங்கி 1911 வரை டர்பன் போய் இறங்கியவர்கள் ஒரு லட்சத்து ஐம்பதாயிரத்துக்கும் மேல். ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர். உடம்பில் தழும்பு இருந்தால் அதுவும். தென்னாப்பிரிக்காவில் இருக்கும் ஒருவர் தன் பூட்டனின் ஊரைச் செங்கல்பட்டு ஜில்லாவில் விரல் வைத்துக் காட்ட முடியும். பொன்னேரியிலோ திருவள்ளூரிலோ கிளம்பி, கப்பல் ஏறாமல், துறைமுகத்துக்கு ஒரு மைல் முன்னாலேயே ஜார்ஜ் டவுனில் தங்கிவிட்டவரின் பேரனால் முடியாது. சரக்காக ஏற்றப்பட்டவருக்கு ரசீது இருக்கிறது. சொந்தக் காலில் நடந்து போனவருக்கு எதுவும் இல்லை.

நடந்து போன ஊர்ப் பக்கமாவது ஏதாவது கிடைக்குமா என்று பார்த்தேன். அதற்கும் பழைய கணக்கு இருக்கிறது. 1767க்கும் 1774க்கும் இடையில் தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் கம்பெனியின் செங்கல்பட்டு ஜாகீரில் சுமார் இரண்டாயிரம் ஊர்களை அளந்து எழுதினார். அதற்கு அடிப்படையான தமிழ் ஓலைக் கணக்குகளில் ஒரு பகுதி தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. எத்தனை ஏரி, எத்தனை கிணறு, எந்தச் சாதிக்கு எத்தனை வீடு, விளைச்சலில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று ஓர் ஊரையே அதில் பார்க்கலாம். அதில் நம் ஆட்கள் 'இந்தச் சாதி, இத்தனை வீடு.' அவ்வளவுதான்.

இதுவரை எழுதியதைப் படித்தால் பழைய ஆவணங்களில் நம்மை விட்டுவிட்டார்கள் என்ற வழக்கமான புலம்பலாகத் தெரியும். நானும் அப்படித்தான் எழுத நினைத்தேன். அத்தையின் பதில்தான் குறுக்கே வந்து நின்றது.

தமிழ்நாட்டுக் கிராமத்தில் "எந்தத் தெரு?" என்று ஒருவர் கேட்டால் என்ன அர்த்தம் என்று இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பாதிப் பேரிடம் யாரும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். ஊருக்குப் புதிதாகப் போன பையனிடம் டீக்கடையில் முதலில் பெயர், அடுத்து "யாரு வீடு?", அப்புறம் "எந்தத் தெரு?" மூன்றாவது கேள்விக்குப் பதில் வந்ததும் டம்ளர் முடிவாகிவிடும், அல்லது ஒரு காலத்தில் முடிவானது. இங்கே தெரு என்பது முகவரியே கிடையாது. சான்றிதழ். லண்டனில் தெருவைப் பிடித்து ஆளைக் கண்டுபிடிக்கிறார்கள். நம் ஊரில் தெருவைச் சொன்னால் ஆளைத் தேட வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விடும்.

நகரமும் சுத்தம் என்று சொல்லிவிட முடியாது. 1707இல் வலங்கை, இடங்கைச் சாதிகளுக்குள் சண்டை முற்றியபோது கவர்னர் தாமஸ் பிட் கறுப்பர் நகரத்தைப் பங்கு பிரித்தார். பெத்தநாயக்கன்பேட்டை வலங்கைக்கு, முத்தியால்பேட்டை இடங்கைக்கு. யார் எந்தத் தெருவில் குடியிருக்கலாம், எந்தத் தெரு வழியாக ஊர்வலம் போகலாம் என்பதெல்லாம் சண்டைக்கான காரணங்கள். 1970களின் கடைசியில் எம்.ஜி.ஆர். அரசு தெருப் பெயர்களிலிருந்து சாதிப் பெயரை நீக்கியது. டாக்டர் நாயர் சாலை 'டாக்டர் சாலை' ஆன வேடிக்கை அப்போது நடந்ததுதான். தெரு அகராதி போடுகிறவருக்கு இது தலைவலி. லண்டனிலும் ஆயிரக்கணக்கான தெருக்களுக்குப் பெயர் மாற்றினார்கள், குழப்பத்தைத் தீர்க்க. நாம் மாற்றியது வேறொரு காரணத்துக்காக. பழைய பெயரையும் புதுப் பெயரையும் எதிரெதிரே அச்சிட்டு ஓர் அட்டவணை போட்டால் ஆய்வாளருக்கு வசதி. கூடவே அழித்ததை எல்லாம் மறுபடி எழுதினதாகவும் ஆகும். அந்த அட்டவணை வேண்டுமா என்று என்னைக் கேட்டால், வேண்டும் என்று உடனே சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கிராமத்தைப் பற்றிப் பேசியதற்கு எத்தனை பேருக்குக் கோபம் வந்தது என்று நமக்குத் தெரியும். எங்கள் கொள்ளுத்தாத்தா அந்தப் பேச்சைக் கேட்டிருக்க மாட்டார். அவர் அதற்கு இருபது வருஷம் முன்பே கிளம்பிவிட்டார். கிளம்பி வந்து பெயரில்லாத சந்தில் குடியேறினார். அந்தச் சந்தில் ஆந்திராக்காரர், ராமநாதபுரத்துக்காரர், யாரென்றே தெரியாதவர் எல்லாரும் இருந்தார்கள் என்பது அத்தையின் கணக்கு. யாரும் யாரையும் மூன்றாவது கேள்வி கேட்கவில்லை. அப்படிப்பட்ட மனிதரைத்தான் நான் தெரு வாரியாகத் தேடிக் கண்டுபிடித்து, ஊரோடும் தெருவோடும் சேர்த்துக் கட்டிவைக்க ஆசைப்பட்டேன். ஒளிந்துகொள்ள வந்தவரைப் பேரன் காட்டிக்கொடுப்பது மாதிரி ஒரு சங்கடம் அதில் இருக்கிறது. வேர் தேடுவதைப் புனிதக் கடமை மாதிரி எழுதும் கட்டுரைகள் இந்தச் சங்கடத்தைத் தொடுவதே இல்லை. வேர் இருந்த மண் நல்ல மண்ணாகத்தான் இருந்திருக்கும் என்ற நம்பிக்கை எல்லாருக்கும் கட்டுப்படியாகாது.

அதற்காகப் பதிவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொத்தோ வரியோ கப்பல் டிக்கெட்டோ கேட்காமல் எல்லாருடைய பெயரையும் தெரு வாரியாக, கதவு எண்ணோடு, தகப்பன் பெயரோடு எழுதிய ஒரே புத்தகம் நம்மிடம் இருக்கிறது. 1951-52 தேர்தலுக்காகத் தயாரானதிலிருந்து தொடரும் வாக்காளர் பட்டியல். முதல் பட்டியலிலேயே சிக்கல் இருந்தது. வடமாநிலங்களில் சுமார் 28 லட்சம் பெண்கள் சொந்தப் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே எழுதவைத்ததால் அவர்கள் பெயர் நீக்கப்பட்டது. ஆனாலும் அதில் சாதிக்குக் கட்டம் கிடையாது. இந்த நாட்டில் தெருவையும் ஆளையும் சேர்த்து எழுதிய ஒரு புத்தகத்தில் சாதிக் கட்டம் இல்லை என்பதை யாரும் பெரிதாகப் பேசிக் கேட்டதில்லை. 2027 மார்ச் 1ஐ ஆதாரத் தேதியாக வைத்து வரும் மக்கள்தொகைக் கணக்கில் சாதியும் எடுக்கிறார்கள். இட ஒதுக்கீட்டுக்கு அது தேவை, நானும் ஆதரிக்கிறேன். அதிலும் பெயர்கள் வெளியே வராது. இரண்டு புத்தகமும் ஒன்றையொன்று பார்க்காமல் இருப்பதுதான் சரி என்று எனக்குப் படுகிறது.

நாலாவது ராத்திரி கண்டுபிடித்தேன். அத்தை பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தது. அதற்கு மேலே தாத்தா, வயது எழுபதுக்கு மேல். அவர் பெயருக்குப் பக்கத்தில் தந்தை பெயர் என்ற கட்டத்தில் கொள்ளுத்தாத்தா. ழகரம் போய் ளகரம் வந்திருந்தது. வீட்டில் ஒரு போட்டோகூட இல்லாத மனிதர். அவர் பெயரை அச்சில் பார்த்தது அதுதான் முதல் தடவை. வெள்ளைக்காரன் எண்ணினான், எழுதவில்லை. கார்ப்பரேஷன் பதிவேட்டில் எங்காவது அவருடைய சாவு எழுதப்பட்டிருக்கலாம். ஓட்டுச் சீட்டுக்காகப் பையன் பெயரை எழுதும்போது பக்கத்துக் கட்டத்தில் இவரும் ஏறிக்கொண்டிருக்கிறார்.

போனைப் பெரிதாக்கி அத்தையிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுப் பார்த்தார்.

"தாத்தா பேரைத் தப்பா எழுதிகீறானுங்க."

"தப்புதான் அத்தை. ஆனா அவர்தான்."

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. வெளியே ஷிஃப்ட் முடிந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். எதிரே வரிசையாக ஆறு ரூம். பீகார், ஒடிசாப் பையன்கள். வீட்டுக்காரர் ஒரு நோட்டில் ரூம் நம்பரும் ஆதார் நம்பரும் எழுதி வைத்திருப்பார். இந்தியில் சத்தமாகப் பேசிக்கொண்டு உள்ளே போனார்கள்.

"அந்தச் சந்துக்கு இப்ப பேரு வெச்சிட்டானுங்களா?" என்றார் அத்தை.

பட்டியலின் முதல் பக்கத்துக்குப் போய்ப் பார்த்தேன். பக்கத்துத் தெருவின் பெயரைப் போட்டு, '2ஆவது சந்து' என்று இருந்தது.

"நம்பர்தான் போட்டுக்கீறாங்க."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டுப் படிவத்தில் கையெழுத்துப் போடப் பேனா கேட்டார்.