எம்.சி.பி. 841: ஓர் அறிக்கையும் சில ஐயங்களும்

இரத்தப் புற்றுநோய் வந்தால் பிழைப்பது அரிது என்று மருத்துவர்களே எண்ணியிருந்த காலம் உண்டு. 1970களில் நம் நாட்டின் சிறந்த புற்றுநோய் மருத்துவமனைகளில்கூட, தீவிர லிம்ஃபோபிளாஸ்டிக் லுக்கேமியா கண்ட சிறுவர்களிலும் இளைஞர்களிலும் நூற்றுக்கு இருபது பேர்கூட நீண்ட நாள் நோயின்றி வாழவில்லை. பிறகு அந்த எண் 45 முதல் 60 வரை உயர்ந்தது. 1984-ல் தொடங்கிய எம்.சி.பி. 841 என்னும் சிகிச்சை முறையைச் சென்னை அடையாறு, பம்பாய் டாடா, புதுடில்லி அகில இந்திய மருத்துவக் கழகம் ஆகிய மூன்று மருத்துவமனைகளும் கைக்கொண்டதன் பலன் இது. இருபதாண்டு அனுபவத்தை விஞ்ஞானி இயன் மக்ராத், அடையாற்றின் டாக்டர் சாந்தா, பம்பாயின் டாக்டர் அத்வானி முதலியோர் 2005-ல் ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்விதழ் ஒன்றில் அறிக்கையாக வெளியிட்டனர். அதைப் பலரும் வெற்றிக் கதையாகவே எடுத்துச் சொல்கிறார்கள். வெற்றிதான், ஐயமில்லை. ஆனால் எதன் வெற்றி என்று கேட்டுப் பார்ப்பது மாணவர்களுக்குப் பயன் தரும்.

முதலில் மருந்துகளைப் பார்ப்போம். எம்.சி.பி. 841-ல் எட்டு மருந்துகள். அவற்றில் ஒன்றுகூட அன்று புதியதன்று. வின்கிரிஸ்டின் நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து கிடைப்பது. செல் இரண்டாகப் பிரியும்போது அதனுள் தோன்றும் இழைகளைக் குலைத்துப் பிரிவைத் தடுக்கிறது. மெத்தோட்ரெக்சேட், செல்லுக்கு வேண்டிய ஃபோலிக் அமிலத்தின் வேலையைக் கெடுக்கிறது. (இவ்வகை மருந்துகள் அமெரிக்காவில் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் உருவானபோது அங்கே ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்ரகட சுப்பாராவ்.) அஸ்பராஜினேஸ், புற்றுச் செல்லின் உணவுப் பொருள் ஒன்றை இரத்தத்திலேயே அழித்துவிடுகிறது. ஒரு மருந்துக்குத் தப்பிய செல் அடுத்த மருந்துக்குத் தப்பாது என்பதே கூட்டுச் சிகிச்சையின் அடிப்படை. மூளையில் பதுங்கும் செல்களுக்காக முதுகுத் தண்டு வழியே மருந்தும், தலைக்குக் கதிர்வீச்சும் உண்டு. எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள். நிணநீர்க் கணுப் புற்றான லிம்ஃபோமாவுக்கும் இதே போல் எம்.சி.பி. 842 என்ற முறை வகுக்கப்பட்டது.

இனி ஐயத்துக்கு வருவோம். புதிய சிகிச்சை முறையும், ஆதரவுச் சிகிச்சையில் ஏற்பட்ட முன்னேற்றமும் சேர்ந்து இந்த உயர்வைத் தந்தன என்கிறது அறிக்கை. இதில் வரும் இரண்டு ‘உம்’களைக் கவனியுங்கள். ஆதரவுச் சிகிச்சை என்பது கிருமிக்கொல்லி, இரத்தம் ஏற்றுதல், நல்ல தாதிமை இவையெல்லாம். உயர்வில் எவ்வளவு எட்டு மருந்துகளுக்குச் சேரும், எவ்வளவு இவற்றுக்குச் சேரும்? பழைய ஆண்டுகளின் நோயாளிகளோடு புதிய ஆண்டுகளின் நோயாளிகளை ஒப்பிட்டால் இதைப் பிரித்தறிய முடியாது.

பிரித்தறியும் வழியைச் சென்னை நகரமே உலகுக்குக் காட்டியிருக்கிறது. 1956-ல் அங்கே நிறுவப்பட்ட காசநோய் ஆய்வு மையத்தில் 193 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரு பிரிவாக்கினார்கள். இரு பிரிவுக்கும் அதே கூட்டு மருந்து. ஒரு பிரிவினர் சானடோரியத்தில், மற்றவர் தம் ஏழை வீடுகளில். வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவில் குணமடைந்தனர். 1959-ல் வந்த அந்த முடிவு, சானடோரியங்களின் காலத்தையே முடித்து வைத்தது. ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் சமமாக இருந்ததால் அந்த முடிவை யாராலும் மறுக்க இயலவில்லை.

லுக்கேமியாவில் ஏன் அப்படிச் செய்யவில்லை என்று எடுத்த எடுப்பில் குறை கூறுவது நியாயமன்று. நூற்றில் எண்பது பேர் பிழைக்காத பழைய சிகிச்சையைச் சீட்டுப் போட்டு ஒரு பாதிக் குழந்தைகளுக்குக் கொடுக்க எந்த மருத்துவர் துணிவார்? 1984-ல் அது சரியான முடிவே. ஆனால் 1990 முதல் 1997 வரை இம்மூன்று இடங்களிலும் 1048 பேர் சிகிச்சை பெற்றிருக்கிறார்கள். அப்போது முறை நிலைபெற்றுவிட்டது. அதற்குள்ளேயே ஒரு சிறு மாற்றத்தைச் சீட்டுப் போட்டுச் சோதிக்க அந்த எண்ணிக்கை போதும். அந்த வாய்ப்பு நழுவியது என்பதே என் கருத்து.

எதைச் சோதித்திருக்கலாம்? விடை அறிக்கையிலேயே இருக்கிறது. மேல்நாடுகளில் வயது, விளைவைப் பெரிதும் தீர்மானிக்கிறது. இங்கே மூன்று இடங்களிலும் வயதுக்கும் விளைவுக்கும் தொடர்பே காணவில்லை. வெள்ளணுக்களின் எண்ணிக்கை இரண்டு இடங்களில் மட்டும் பொருட்படுத்தத் தக்கதாக இருந்தது. சென்னையில் டி செல் வகை நோய் அதிகம். இந்த வேறுபாடுகளை மழுப்பாமல் எழுதியிருப்பது பாராட்டத்தக்கது. அதைவிட முக்கியம், மேல்நாட்டு விளைவுக்கு நாம் பின்தங்கியதற்கு அவர்கள் முதலில் சுட்டும் காரணம்: நோயால் அன்றி, சிகிச்சையின் கடுமையால் நேர்ந்த மரணங்கள் இங்கு அதிகம். அத்தகைய மரணம் யாருக்கும் நேரக்கூடியதாகையால், வயது போன்ற மற்ற அடையாளங்களை அது மறைத்துவிடவும் செய்யும்.

இதற்குக் காரணங்களாக முற்றிய நோய், கூடவே வரும் தொற்று, வீட்டுச் சுகாதாரம், அவசர சிகிச்சை கிட்டாமை, மருத்துவமனை வசதிக் குறைவு எல்லாம் ஒரே மூச்சில் அடுக்கப்படுகின்றன. அவையும் ‘இருக்கக்கூடும்’ என்ற அளவில்தான். அறிக்கையின் பலவீனமான இடம் இதுவே. வேறு வேறு மருந்து வேண்டிய வியாதிகளை ஒரே சீட்டில் எழுதியது போல இருக்கிறது.

ரெட்டியார்பாளையத்தில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சிகிச்சையின் மூன்றாம் வாரத்தில் இருக்கும் குழந்தைக்கு இரவு பத்து மணிக்குக் காய்ச்சல் காண்கிறது. மருந்துகளால் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் அந்த நாட்களில் காய்ச்சல் ஒன்றே எச்சரிக்கை. கிருமிக்கொல்லி ஊசி தாமதமானால் உயிருக்கே ஆபத்து. இங்கிருந்து கோரிமேட்டில் உள்ள ஜிப்மருக்கு ஆட்டோவில் போய்விடலாம். அதே மருந்து, அதே அளவு, நோயின் அதே நிலை. ஆனால் குழந்தை விழுப்புரத்துக்கு அப்பால் ஒரு கிராமத்தில் இருக்கிறது, பஸ் விடிந்தபிறகுதான் என்றால்? இருவரும் கணக்கில் ஒரே பத்தியில் வருவார்கள். காய்ச்சல் தொடங்கியதிலிருந்து முதல் ஊசி வரை எத்தனை மணி ஆயிற்று என்பதை, இத்தகைய அறிக்கைகளில் மருந்தின் மில்லிகிராம் அளவுக்குச் சமமாக நாம் தேட வேண்டும். சிகிச்சையை இடையில் விட்டுச் சென்றவர்களை எந்தக் கணக்கில் வைத்தார்கள் என்பதையும்தான். பணமில்லாமல் ஊர் திரும்பிய குழந்தையைக் கணக்கிலிருந்து நீக்கினால் சதவிகிதம் தானே உயரும்.

சீட்டுப் போடும் சோதனை பின்னர் வந்தது. 2016-ல் நோயாளிகளைச் சேர்க்கத் தொடங்கிய ‘ஐசிக்கிள்’ என்னும் பல மருத்துவமனைக் கூட்டாய்வின் திட்டம் 2022-ல் அச்சாயிற்று. அதன் கேள்விகளில் ஒன்று, அபாயம் குறைந்த சிறு குழந்தைகளுக்குத் தொடக்கத்தில் தரும் பிரெட்னிசலோனை ஐந்து வாரத்துக்குப் பதில் மூன்று வாரமாகக் குறைக்கலாமா என்பது. அம்மருந்து லுக்கேமியாச் செல்லைக் கொல்கிறது. கூடவே உடலின் எதிர்ப்புச் சக்தியையும் தாழ்த்தித் தொற்றுக்கு வழி விடுகிறது. இரண்டு வாரம் குறைத்தால் நச்சு மரணம் எவ்வளவு குறையும், நோய் திரும்புவது கூடுமா என்று இரு பிரிவுகளையும் அருகருகே வைத்துப் பார்க்க அமைந்த திட்டம் அது.