ஓகே சொல்வதற்கு முன்

மரக்காணத்து உப்பளங்களில் வெயிலும் காற்றும் தம் வேலையை முடித்த பிறகு, உப்புக்கு ஒரு சட்டை தைத்தாக வேண்டும். பாக்கெட் டிசைன் தயாரானதும் வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் வரும்: “பார்த்துட்டு ஓகே சொல்லுங்கண்ணா.” இந்தச் சின்ன வழக்கத்தின் மீது எனக்குத் தனி மரியாதை உண்டு.

பிளாஸ்டிக் பாக்கெட்டைப் பெருமளவில் அச்சடிக்க, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சிலிண்டர் செதுக்குவார்கள். செதுக்கிய பின் ஒரு புள்ளியை மாற்றுவதும் பெருஞ்செலவு. திரையில் அது ஒரு நிமிட வேலை.

தேர்ந்த டிசைனர் அனுப்பும் பிடிஎஃப் புரூஃபில் எழுத்தெல்லாம் ‘கர்வ்’ ஆக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக, மாறியிருக்கும். கோப்பைப் பெறுபவரிடம் அந்த ஃபாண்ட் இல்லாவிட்டாலும் கொம்பும் காலும் இடம்மாறாது. “போன்ல தெரியிற நீலம் அச்சுல கொஞ்சம் மங்கும்” என்றும் முன்கூட்டியே சொல்லிவிடுவார். திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு மையால்.

பார்ப்பதும் ஒரு கலைதான். கண் முதலில் பெயருக்கும் படத்துக்கும் ஓடும். பார்க்க வேண்டியவை மூலையில் இருக்கும்: நிகர எடை, ‘அயோடின் கலந்த உப்பு’ என்ற வரி, 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண். ஒருவர் உரிமத்தைப் பார்த்து எண்ணை வாசிக்க, இன்னொருவர் புரூஃபைப் பெரிதாக்கி விரல் வைத்துச் சரிபார்ப்பதே நல்ல முறை.

ஓகே சொன்ன பிறகு தென்படும் பிழை பெரும்பாலும் வாடிக்கையாளர் கணக்கில்தான் சேரும். ஆகவே கட்டைவிரல் சின்னத்தை அவசரமாகத் தட்டாமல், “பின்பக்கமும் பார்த்துட்டேன், அடிக்கலாம்” என்று எழுதுகிறவரைத்தான் அச்சகத்துக்குப் பிடிக்கும்.