ஒன்பது வளைவுப் பாலமும் லயமும்: கட்டடங்கள் நேசிக்கப்படுதல் பற்றிய ஒரு குறிப்பு

ஒரு காலத்திற் கடுமையாகக் கண்டிக்கப்பட்ட கட்டடங்கள் பிற்காலத்தில் மக்களாற் போற்றப்படுவது கலை வரலாற்றில் அடிக்கடி காணப்படும் நிகழ்வாகும். பழக்கமே இதற்குக் காரணம், கண் பழகப் பழக வெறுப்புத் தணிந்துவிடும் என்பது பொதுவாகக் கூறப்படும் விளக்கம். இவ்விளக்கம் போதுமானதா என்பதை ஊவா மாகாணத்துக் கட்டடங்கள் சிலவற்றை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்விடயத்தில் முதலில் எடுத்துக்காட்டப்படுவது பாரிஸ் நகரின் ஈபெல் கோபுரமாகும். 1887இல், வேலை தொடங்கிய சில வாரங்களுள், மாப்பசான் முதலிய எழுத்தாளரும் கலைஞரும் அதற்கெதிராகப் பகிரங்கக் கண்டனம் வெளியிட்டனர். இருபது ஆண்டுகளே நிற்பதற்கு அனுமதி பெற்றிருந்த அக்கோபுரம், கம்பியில்லாத் தந்திக்குப் பயன்பட்டமையால் இடிக்கப்படாது தப்பியது. புதிய பயன்பாடு முதலில் வந்தது. அழகுணர்ச்சி அதனைப் பின்தொடர்ந்தது. இலங்கையிலும் இத்தகைய நிகழ்வு உண்டு. 1990களின் தொடக்கத்தில் தம்புள்ளைக்கருகே ஜெப்ரி பாவா வடிவமைத்த கண்டலம ஹோட்டலைப் பௌத்த துறவிகளும் சூழலியலாளரும் எதிர்த்தனர். 1994இற் கட்டி முடிந்த அக்கட்டடம் இன்று கொடிகள் படர்ந்து, பாவாவின் தலைசிறந்த ஆக்கங்களுள் ஒன்றாகக் கொண்டாடப்படுகின்றது. எனினும், ஒரு கட்டடத்தை நேசிப்போர் யார், எந்நிலையில் நின்று நேசிக்கின்றனர் என்னும் வினாவை இவ்விரு உதாரணங்களும் எழுப்பாமலே விட்டுவிடுகின்றன. அவ்வினாவை எழுப்புவதற்கு நாம் ஊவாவுக்குச் செல்லவேண்டும்.

மலைநாட்டுப் புகையிரதப் பாதை 1867இற் கண்டியையும், 1885இல் நானுஓயாவையும், 1894இற் பண்டாரவளையையும், 1924இற் பதுளையையும் அடைந்தது. அது சென்ற திசையே அதன் நோக்கத்தைப் புலப்படுத்தும். முதலிற் கோப்பியையும் பின்னர்த் தேயிலையையும் கொழும்புத் துறைமுகத்திற் சேர்ப்பதற்காக அமைந்த பாதை அது. சிங்களக் கிராமத்தவர் புகைவண்டியை 'யக்கட யக்கா', அதாவது இரும்புப் பேய், என அழைத்தனர். வியப்பும் அச்சமும் கலந்த பெயர் அது. இடதுசாரிச் சிந்தனையாளர் இப்பாதையைப் பெருந்தோட்டப் பொருளாதாரத்தின் கருவியாகக் கண்டு விமரிசித்தனர். அவ்விமரிசனம் இன்றும் செல்லுபடியாகும் என்பதே எமது கருத்து.

ஆயினும், எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே 1921இற் கட்டப்பட்ட ஒன்பது வளைவுப் பாலம் இன்று இப்பிரதேச மக்களின் பெருமைக்குரிய சின்னமாகிவிட்டது. வளைவுகளினூடே ஒன்பது துண்டுகளாக வானம் தெரிவதால், சிங்களத்தில் அதற்கு 'ஒன்பது வானங்களின் பாலம்' என்ற பொருளிலும் பெயர் வழங்குகின்றது. உள்ளூர்வாசியான அப்புஹாமி என்பவரே இதனைக் கட்டினார் என்றும், உலகப் போரினால் இரும்பு கிடைக்காமையாற் கல்லாலும் செங்கல்லாலுமே எழுப்பினார் என்றும் மக்கள் கதை கூறுவர். 1923இல் இலங்கைப் பொறியியற் சங்கம் வெளியிட்ட அறிக்கையோ, தலைப்பிலேயே இதனைக் கொங்கிறீற்றுப் பாலம் எனக் குறிக்கின்றது. வரலாற்றுச் சான்றாக அக்கதையை நாம் ஏற்கவேண்டியதில்லை. ஆனால் அதன் சமூக உள்ளடக்கம் ஊன்றி நோக்கத்தக்கது. வெள்ளைத்துரைமாரின் சொத்தாயிருந்த ஒரு பாலத்தை, 'இது எம்மவன் கை செய்தது' என்று மக்கள் கதையின் மூலம் மீட்டெடுத்துள்ளனர். நேசம் இங்கே ஓர் உரிமைக்கோரிக்கையாக வெளிப்படுகின்றது. அக்கோரிக்கையிலும் ஒரு குறையுண்டு. மலைநாட்டுப் பாதை வேலைகளில் உழைத்த தென்னிந்தியக் கூலிகளுக்கு அக்கதையில் இடமில்லை.

அப்புத்தளையில் 1931இல் சேர் தோமஸ் வில்லியர்ஸ் கட்டிய அடிசம் பங்களாவின் வரலாறும் இத்தகையதே. ஆங்கிலப் பிரபுத்துவத்தின் நகலாக எழுந்த அம்மாளிகை பின்னர்க் கிறித்தவத் துறவியர் மடமாயிற்று. துரை போய்விட்டார், ஆகவே அவரது மாளிகையை அச்சமின்றி இரசிக்க முடிகின்றது.

இதே மலைச்சரிவுகளில், இதே அமைப்பின் தேவைக்காக எழுந்த இன்னொரு கட்டடம் லயமாகும். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, பல குடும்பங்களுக்கு ஒரே நீண்ட கூரை. பாலத்தைவிட நீண்டகாலமாக அது எம் கண்முன் நிற்கின்றது. பழக்கந்தான் நேசத்தின் காரணமெனில், மலையகத்தில் முதலில் நேசிக்கப்பட்டிருக்க வேண்டியது லயமேயாகும். அவ்வாறு நிகழவில்லை. லயத்தில் வளர்ந்தோர் அதனை ஏக்கத்துடன் நினைவுகூர்வதில்லையா என்று சிலர் வினவலாம். அவ்வேக்கம் அயல்வீட்டு உறவுக்கும் திருவிழாவுக்கும் தப்போசைக்கும் உரியது. ஒழுகும் கூரைக்கு உரியதன்று. கம்பளைக்கருகே பழைய லயமொன்று தோட்டத் தொழிலாளரின் அருங்காட்சியகமாக மாற்றப்பட்டுள்ளது. அங்கே மட்டும் லயத்தை அமைதியாக நின்று பார்க்க முடிகின்றது. ஏனெனில் அங்கே எவரும் வாழ வேண்டியதில்லை.

இதிலிருந்து நாம் பெறக்கூடிய முடிபு யாது? ஒரு கட்டடத்தை உருவாக்கிய ஆதிக்க உறவு மறைந்தபின்னரே, அல்லது அதன் பிடி தளர்ந்தபின்னரே, அது பொதுமக்களின் நேசத்துக்குரியதாகின்றது. பாலத்தின் எசமானர் சென்றுவிட்டனர். அதிற் செல்லும் வண்டியில் இன்று தொழிலாளியின் பிள்ளையும் பயணஞ் செய்கின்றது. லயத்தை ஆக்கிய உறவோ 1948இல் நாடு சுதந்திரம் பெற்றபோதும், 1970களிற் தோட்டங்கள் அரசுடைமையானபோதும், 1992இல் மீண்டும் கம்பனிகளிடம் சென்றபோதும் அறுபடவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்கள் மக்களோடு புதையுண்டன. அபாயம் பற்றி முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. அதன் பின்னரும் பதுளை மாவட்டத்தில் லயங்களில் மக்கள் வாழ்ந்துகொண்டேயிருக்கின்றனர்.

எனவே பாலத்தை நேசிப்போரை நாம் குறைகூறவில்லை. மக்கள் உழைப்பின் விளைவு மக்களுக்கே உரியது. ஆயின், பாலத்தின் படத்தை ஊவாவின் முகமாகக் காட்டி, அதன் பின்னணியில் நிற்கும் லயத்தை மறைக்கும் அழகியலை விமரிசனம் ஏற்றுக்கொள்ளலாகாது. பாலத்தைக் கட்டியோரின் வழித்தோன்றல்களுக்குச் சொந்தக் காணியும் வீடும் கிடைக்கும் நாளில், எஞ்சியிருக்கும் ஒரு லயத்தையும் நாம் அருங்காட்சியகமாகப் பேணலாம். அதுவரை அதற்குரியது கண்டனமே.